ஒழுக்கங் கற்பது மூளையோ உயிரோ: ஒரு நூலாராய்ச்சி

கீழ்பென்னாத்தூரில் மாலைதோறும் கூடிச் சாத்திரம் வாசிக்கும் எம் சிறு கூட்டத்தில், சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் நடந்துகொண்டிருந்த நாளொன்றில், யான் முன்பு தமிழ் பயிற்றிய மாணாக்கரும் இப்பொழுது மருத்துவராயிருப்பவருமாகிய அன்பர் ஒருவர் ஓர் ஆங்கில நூலைக் கொணர்ந்து முன் வைத்தார். ‘ஐயா, வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனைப் பற்றிப் பாடஞ் சொல்கின்றீர்கள். பிள்ளையொன்று தான் வளருங் கூட்டத்தின் ஒழுக்கத்தை எவ்வாறு பற்றிக்கொள்கின்றது என்பதற்கு மூளையிலே இடங் கண்டுவிட்டதாக இந்நூலுடையார் கூறுகின்றார். இதனையும் பார்த்தருளல் வேண்டும்’ என்றார். எமது ஆங்கிலப் பயிற்சி சிறிது. மடத்துக் கல்லூரியில் யாம் கற்ற காலத்தில் இலக்கணத்துக்கும் சாத்திரத்துக்கும் இருந்த இடம் அதற்கில்லை. ஆயினும் அவ்வன்பர் துணையால் நான்கு திங்களில் நூல் முழுவதும் வாசித்தேன். வாசித்தபின் வாளாவிருத்தல் கூடாமையின் இதனை எழுதலாயினேன்.

நூலின் பெயர் ‘தி டெல்-டேல் பிரெயின்’ என்பது. 2011-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயற்றியவர் டாக்டர் விளையனூர் சு. இராமச்சந்திரன் அவர்கள். 1951-இல் தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் சான் டியகோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். அரசியலமைப்பை வரைந்த பெரியாருள் ஒருவராகிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இவர்தம் பாட்டனார். இந்திய அரசு 2007-இல் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. தமிழர் ஒருவர் மூளையின் இயல்பை உலகோர் வியக்க ஆராய்ந்தாரென்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவதே. குறை கூறப்புகும் முன் அம்மகிழ்ச்சியைச் சொல்லிக்கொள்கின்றேன்.

அவர்தம் ஆராய்ச்சியில் யாம் மிக நயந்தது கையிழந்தார்க்கு அவர் செய்த ஆடிப்பெட்டி. விபத்திற் கை துணிபட்டார் சிலர்க்கு, இல்லாத அக்கை இன்னும் உள்ளதாகவே தோன்றும். அஃது இறுக மூடிக் கிடப்பதாகவும் நகங்கள் உள்ளங்கையிற் பாய்வதாகவும் வருந்துவர். இவர் ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடி நிறுத்தி, நல்ல கையின் நிழல் இழந்த கையின் இடத்தே தோன்றுமாறு அமைத்தார். நல்ல கையை விரிக்க, நிழற்கையும் விரிந்தது. சிலர்க்கு நோவும் நீங்கிற்று. எளிய கருவி. பெரும்பொருட் செலவில்லை. நோயாளர்பால் இரக்கமும் கூர்த்த மதியும் ஒருங்கு கூடினாலன்றி இத்தகையதொன்று தோன்றாது. சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகளைப் பற்றி அவர் எழுதிய பகுதியும் நம்மவர் வாசிக்கத்தக்கது. விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் அம்மையின் திருமேனியைக் கண்டு இயற்கையோடு பொருந்தாத உருவம் என்று இகழ்ந்ததனை எடுத்துக்காட்டி, உள்ளதை உள்ளவாறு பெயர்த்தெழுதுதல் கலையன்று, அதன் சாரத்தை மிகுத்துக் காட்டலே கலை என்று வாதிடுகின்றார். ஆடல்வல்லான் திருவுருவையும் உரிய மதிப்போடு பேசுகின்றார்.

இனி நம் பொருளுக்கு வருவாம். நூலின் நான்காம் அதிகாரத்துக்கு ‘நாகரிகத்தை உருவாக்கிய நரம்பணுக்கள்’ என்பது பொருளாகத் தலைப்பிட்டுள்ளார். அதன் வரலாறு இது. இத்தாலி நாட்டுப் பார்மா நகரப் பல்கலைக்கழகத்தில் ரிஸ்ஸோலாட்டி என்பாரும் அவர் குழுவினரும் மக்காக் என்னும் இனத்துக் குரங்குகளின் மூளையில் நுண்ணிய மின்முனை செருகி, கைத்தொழிலை ஏவும் நரம்பணுக்களை ஆராய்ந்தனர். குரங்கு ஓர் உணவுத்துண்டைப் பற்றி எடுக்கும்போது துடிக்கும் அணுக்களுட் சில, வேறொருவர் அதனை எடுப்பதைக் குரங்கு வாளா நோக்கியிருந்தபோதும் துடித்தன. 1992-இல் இதனை வெளியிட்டனர். பிறர் செயலைத் தன்னுட் காட்டுதலின், இவற்றை ஆடி நரம்பணு என்று இக்கட்டுரையில் வழங்குவாம்.

இராமச்சந்திரனார் இவற்றின்மேல் ஒரு பெரிய மாளிகையே எழுப்புகின்றார். 2000-ஆம் ஆண்டிலேயே, உயிர்நூலுக்கு டி.என்.ஏ. எவ்வாறோ அவ்வாறு உளநூலுக்கு இவ்வணுக்கள் ஆகும் என்று முன்னுரைத்தவர் அவர். பனிநாட்டில் ஒரு விலங்கு குளிர் தாங்கும் மயிர்ப்போர்வை பெறுதற்குப் பல்லாயிரந் தலைமுறை வேண்டும். மனிதக் குழந்தையோ தன் தந்தை வெண்கரடியைக் கொன்று அதன் தோலை உடுத்தலைக் கண்டு ஒரே தலைமுறையிற் கற்றுக்கொள்கின்றது. அது கற்பது கண்டு செய்தலால். கண்டு செய்தற்கு வாயில் ஆடி நரம்பணு. ஆகவே தொழிலும் மொழியும் ஒழுக்கமும் மனிதரிடை விரைந்து பரவியதற்கு அவையே பெருங்காரணம் என்பது அவர் கருத்தின் சுருக்கம்.

கேட்பதற்கு இனிது. ஆயினும் முதலடியிலேயே ஒரு தடை நிற்கின்றது. அவ்வணுக்கள் கண்டறியப்பட்டது குரங்கினிடத்தன்றோ? அக்குரங்கு நாகரிகம் படைத்ததோ? வளர்ந்த மக்காக் குரங்கு பிறர் செயலைக் கண்டு புதுத்தொழில் கற்றல் மிக அரிது என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. கண்டதைச் செய்யும் இயல்பினைக் குரங்கின்மேல் ஏற்றிச் சொல்வது உலகவழக்கு. ஆராய்ந்து காணுமிடத்து அதிற் குரங்கினும் வல்லது மனிதக் குழந்தையே. இத்தடையை நூலுடையாரும் உணர்ந்தே இருக்கின்றார். ஆடி நரம்பணு வேண்டியதொன்று, அதுவே போதியதன்று என்று ஓரிடத்து ஒப்புகின்றார். ஒப்பியவர் அடுத்த பக்கங்களிலே அதனை மறந்து மீண்டும் அவ்வணுவையே நாயகமாக்குகின்றார். வழக்காடுவோன் எதிரியின் சான்றை ஏற்றுக்கொண்டு தீர்ப்பை மட்டும் தன்பக்கம் கேட்டாற் போல்வது இது.

அமெரிக்க நாட்டு மொழியாராய்ச்சியாளர் கிரெகரி ஹிக்கோக் என்பார் 2014-இல் இக்கொள்கையை மறுத்து ஒரு முழுநூலே எழுதினார். மனிதரிடத்தும் இத்தகைய அணுக்கள் உள என்பது, வலிப்பு நோய்க்காக மூளையில் மின்முனை செருகப்பட்டிருந்தோரை ஆராய்ந்து 2010-இற் காட்டப்பட்டது. ஆதலின் அவை இல்லை என்பார் எவருமிலர். அவை என்ன செய்கின்றன என்பதே வழக்கு. சிசிலியா ஹேய்ஸ் என்னும் அம்மையார் கூறுவது எமக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. குழந்தை தன் கை அசைதலைத் தானே காண்கின்றது. தாய் அதன் முகக்குறிப்பைத் தானும் செய்து காட்டுகின்றாள். செயலும் காட்சியும் பலகால் ஒருங்கு நிகழ்தலின் அவற்றுக்குரிய அணுக்கள் தம்முட் பிணைவுறுகின்றன. அஃதாவது, ஆடி நரம்பணு கற்றலுக்குக் காரணமாவதற்கு முன் தானே கற்றலின் காரியம். பிறவியில் அமைந்து கிடந்த கண்ணாடி அன்று. பழக்கத்தால் மெருகேறிய கண்ணாடி. இது மெய்யாயின் மாளிகையின் அடித்தளமே இடம் பெயர்கின்றது.

இது நிற்க. இதனினும் பெரிய குறையொன்று உண்டு. ஒழுக்கம் என்பது கைகால் அசைவன்று. ‘இவ்வாறு செய்கின்றனர்’ என்பது வேறு. ‘இவ்வாறு செய்யத்தக்கது’ என்பது வேறு. முன்னதைக் காட்டுங் கண்ணாடி பின்னதைக் காட்டுமாறு யாங்ஙனம்? நூலில் இவ்வினாவுக்கு விடை காணேன்.

இவ்வேறுபாட்டை விளக்கும் ஆராய்ச்சி இரண்டு உள. 2002-இல் கெர்கெய் என்பாரும் பிறரும் பதினான்கு திங்கட் குழந்தைகள் முன் ஒரு விளக்குப்பெட்டியை வைத்தனர். ஒருத்தி தன் நெற்றியால் அதனைத் தொட்டு விளக்கேற்றினாள். அவள் கைகள் வெறுமனே இருந்தும் நெற்றியாற் செய்ததைக் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 69 பங்கு தாமும் நெற்றியாற் செய்தன. குளிருக்குப் போர்வையை இரு கையாலும் பற்றியிருந்து அவள் அவ்வாறு செய்ததைக் கண்டவற்றுள் நெற்றியைப் பயன்படுத்தியவை நூற்றுக்கு 21 மட்டுமே. ஏனையவை கையால் தொட்டன. கை ஒழிவில்லாமையால் நெற்றியாற் செய்தாள், நமக்குக் கை ஒழிவுண்டே என்று அம்மழலை உய்த்துணர்ந்தது போலும். இதற்கு வேறு காரணங் கூறுவாரும் உளர். மற்றொன்று 2005-இல் ஹார்னர், வைட்டன் என்னும் இருவர் செய்தது. ஒரு பெட்டியினின்று தின்பண்டம் எடுக்குமுன் பயனற்ற தட்டல் குத்தல் சிலவற்றைச் செய்து காட்டினர். பெட்டி ஒளி ஊடுருவுவதாய், அத்தட்டலாற் பயனில்லை என்பது வெளிப்படையானபோது, சிம்பன்சிக் குரங்குகள் அவற்றை விட்டுவிட்டுப் பண்டத்தை எடுத்தன. மூன்று நான்கு ஆண்டுக் குழந்தைகளோ தட்டலையும் விடாது செய்து பின்னரே எடுத்தன.

குரங்கு அறிவுடையதாகவும் குழந்தை பேதையாகவும் தோன்றுகின்றதல்லவா? அற்றன்று. பிள்ளையார் திருமுன்னர்ப் பாட்டனார் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் இடக் கண்ட பேரன், ‘இதனால் என்ன கிடைக்கும்’ என்று கேளாமலே தானும் இடுகின்றான். அண்ணாமலையைச் சுற்றும் பதினான்கு கிலோமீட்டர் வழியில் தாய் செருப்பின்றி நடக்கக் கண்ட சிறுமி தன் செருப்பையும் கழற்றிக் கையிற் கொள்கின்றாள். கார்த்திகைத் தீபத்தன்று எம் ஊரிலும் மலையை நோக்கிக் குவியும் கைகளுட் பாதி, ஏன் குவிகின்றோமென்று அறியாத சின்னஞ்சிறு கைகளே. பயன் அறியாதபோதும் ‘பெரியோர் செய்வது, ஆகலின் செய்யத்தக்கது’ என்னும் துணிபு மனிதக் குழந்தைக்கு உண்டு. ஒழுக்கக் கல்வியின் வித்து இத்துணிபே. அக்குழந்தையே வேறோரிடத்து, போர்வைக்காரியைக் கண்டபோது, கண்டதை அப்படியே செய்யாது விடுகின்றது. எங்கே கொள்வது, எங்கே தள்ளுவது, யாரைப் பின்பற்றுவது, யாரை விடுவது என்று தெரிந்தெடுத்தல் உண்டு. கண்ணாடியோ எதிர்நின்றார் எவராயினும் காட்டும். கண்ணாடிக்குத் தெரிவில்லை.

நம் சாத்திரம் இவ்விடத்துக் கண்ணாடியை விடுத்துப் படிகத்தை உவமை கூறுகின்றது. படிகம் தன்னைச் சார்ந்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் கொள்ளும். கொண்டும் படிகமாகவே இருக்கும். நிறங் காட்டுதற்கு ஞாயிற்றின் ஒளியும் வேண்டும். உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்று மெய்கண்ட சந்தானத்தார் கூறுவது இதுபற்றி. சார்பை மாற்றினால் வண்ணம் மாறும் என்பது அதன் உள்ளுறை. டாக்டரவர்கள் ஆடியை விட்டுப் படிகத்தை எண்ணியிருப்பாராயின் நான்காம் அதிகாரம் வேறு வகையாக அமைந்திருக்கும் என்று யான் சொன்னபோது, எம் மருத்துவ அன்பர் நகைத்து, ‘உவமையை மாற்றினால் ஆராய்ச்சி மாறாது ஐயா’ என்றார். மாறாதுதான். ஆனால் ஆராய்ச்சியாளன் எதனைத் தேடப்புகுவான் என்பது அவன் கொண்ட உவமையைப் பொறுத்ததன்றோ?

கண்ணப்ப நாயனார் வரலாற்றை ஈண்டு நினைக. காளத்தி மலைமேற் குடுமித்தேவர்க்கு நீர் வார்த்து இலையும் பூவும் இட்டிருத்தலைத் திண்ணனார் காண்கின்றார். யார் செய்தது என்று வினவ, முன்பொருநாள் உம் தந்தை நாகனோடு யான் வந்தபோது பார்ப்பார் ஒருவர் இவ்வாறு செய்யக் கண்டேன் என்று நாணன் உரைக்கின்றான். திண்ணனார் அச்செயலைக் கண்ணாற் கண்டவரல்லர்; கேட்டவரே. கேட்டவர் செய்ததோ அப்பார்ப்பார் செய்தது போன்றதுமன்று. பொன்முகலி நீரை வாயில் முகந்தார். மலரைத் தலைமயிரிற் செருகினார். ஊனைச் சுவைத்துப் பார்த்துத் தேக்கிலையில் ஏந்தினார். ஆகம விதிப்படி ஒவ்வொன்றும் பிழை. அசைவிற்கு அசைவு ஒப்பிடின் கற்றதே இல்லை என்னலாம். ஆயினும் நீராட்டல், மலரிடல், அமுதூட்டல் என்னும் கருத்து மூன்றும் ஒன்றும் குறையாமல் அவர்பால் வந்துவிட்டன. வேடர்குலத்துத் தோன்றி வேட்டையன்றி வேறறியாத ஒருவர், ஒரு மொழி கேட்ட அளவில் வழிபாட்டின் உயிரைக் கற்றதனை எந்த ஆடியில் வைத்துக் காட்டுவது?

இனி எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் மறையாது கூறுவாம். நம்மவருட் சிலர் மூளை என்றவுடனே முகஞ் சுளிப்பர். அது வேண்டுவதில்லை. 1999-இல் டமாசியோ முதலியோர் இருவரைப் பற்றி வெளியிட்ட செய்தி சிந்திக்கத்தக்கது. ஒருவர் பதினைந்து திங்களில் வண்டி மோதியும், மற்றவர் மூன்று திங்களில் மூளைக்கட்டி அறுக்கப்பட்டும், நெற்றியின் பின்னுள்ள மூளைப்பகுதியில் ஊறுபட்டவர். நல்ல குடியில் வளர்ந்தனர்; மதிநுட்பம் ஏனையோர்க்குள்ளவாறே இருந்தது; ஆயினும் பொய், களவு, பொறுப்பின்மை ஆகியவற்றினின்று மீளவில்லை. வளர்ந்தபின் அப்பகுதியில் ஊறுபட்டோர், நடக்க இயலாதபோதும் நடக்கவேண்டிய முறை இன்னதென்று வாயாற் சொல்வர். இவ்விருவரோ அம்முறையையே கற்றிலர். இருவரைக் கொண்டு எல்லாம் முடித்தல் ஆகாது. எனினும் ஒழுக்கங் கற்றற்கு மூளையின் அப்பகுதி இன்றியமையாத கருவி என்பது வலிதிற் புலனாகின்றது.

இதனாற் சித்தாந்தத்துக்கு இழுக்குண்டோ? இல்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் மாயையின் காரியமாகிய சடப்பொருள் என்றும், அவற்றின் உதவியின்றி உயிர் ஒன்றையும் அறியமாட்டாதென்றும் நம் ஆசிரியர்கள் முன்பே கூறினர். உயிர் அந்தக்கரணம் அன்று என்பது நான்காஞ் சூத்திரத்தின் பொருள். கண் பழுதுற்றாற் காட்சி மறையும். அதனாற் கண்ணே காண்பான் என்பது பெறப்படாது. மூளையைக் கருவி வரிசையில் வைத்துப் பேசுமளவும் டாக்டரவர்களோடு எமக்கு மாறில்லை. நேர்மையாகச் சொல்லின், இத்தகைய ஆராய்ச்சி உயிர் உண்டென்றும் நிறுவாது, இன்றென்றும் நிறுவாது. இரு கட்சியாரும் இதனைத் தமக்குரிய வெற்றியாகப் பறைசாற்றுதல் தகாது.

மாறு தோன்றுவது வேறோரிடத்தில். 2009 நவம்பரில் மைசூரில் நிகழ்ந்த கூட்டமொன்றில் அவர் ஆற்றிய சொற்பொழிவு பலரும் கேட்டது. பிறனொருவனைத் தொடக் கண்டால் என் மூளையிலும் தொடுவுணர்ச்சிக்குரிய சில அணுக்கள் துடிக்கும். ஆயினும் என்னைத் தொடவில்லை என்று என் தோல் செய்தி அனுப்புதலின் யான் அதனை உணரேன். கையிழந்தார்க்கு அத்தடுப்புச் செய்தி இன்மையின் பிறன் கையைத் தடவக் கண்டு தம் இல்லாத கையிற் றடவலை உணர்வர். இதுவரை அருமையான செய்தி. உடனே அவர், எனக்கும் பிறனுக்கும் இடையே நிற்பது தோலொன்றே, தோலை நீக்கின் வேறுபாடில்லை, கீழ்நாட்டுத் தத்துவம் கூறுவதும் இதுவே என்று தாவிவிடுகின்றார். இவற்றுக்குக் காந்தி நரம்பணு என்று பெயருஞ் சூட்டுகின்றார். கீழ்நாட்டில் தத்துவம் ஒன்றுதானோ? உயிர்கள் பல, ஒவ்வொன்றும் தன் வினையும் தன் அறிவும் உடையது என்னும் சைவசித்தாந்தமும் இந்நாட்டதே. அவர் பிறந்த தமிழ்நாட்டதே. பிறனுடைய நோயை நான் என் நோயாக உணர்ந்து அழுதல் வேறு. அவன் நோயை அவன் நோயென்றே அறிந்து அதற்கு மருந்து தேடல் வேறு. அருள் என்பது பின்னது. வேறுபாடு ஒழிந்தவிடத்து அருள் செய்வானும் இல்லை, பெறுவானும் இல்லை.

ஆட்டிசம் உடைய பிள்ளைகட்கு ஆடி நரம்பணு பழுதுற்றிருக்கும் என்று அவர் கூறிய கருத்தும் வலிபெறவில்லை. மூளையின் மின்னலைகளில் ஒன்றை அளந்து 2005-இல் அவர் குழுவினர் காட்டிய வேறுபாட்டைப் பின்வந்த ஆராய்ச்சிகள் உறுதி செய்யவில்லை. அப்பிள்ளைகளுட் பலர் பிறர் செயலின் நோக்கத்தை உணர்கின்றனர் என்றே காணப்பட்டது. அத்தகைய பிள்ளையைப் பெற்றோர் ஒருவர், ‘என் மகனுக்கு அன்பு பிறக்கும் அணுவே இல்லையாமே’ என்று எம்மிடம் கண்ணீர் விட்டதுண்டு. பெரியோர் வாய்ச்சொல் எங்கெங்கே சென்று தைக்கின்றது பாருங்கள்.

மூளையைப் பற்றிய இவ்வளவும் மரபணுவைப் பற்றிய பேச்சுக்கு முன்னுரையே எனலாம். மூளை பிறவியிலேயே இவ்வாறு அமைந்தது என்றால், அமைத்தது எது என்னும் வினா எழும், மரபணு என்பர். 2010-இல் சியாவோ, பிளிசின்ஸ்கி என்னும் இருவர், 29 நாடுகளின் கணக்கை வைத்து, ஒரு மரபணுவின் குறுவடிவம் மிக்க நாடுகளிற் கூட்டத்தோடு ஒத்தொழுகும் வழக்கமும் மிக்கிருக்கின்றது என்றனர். அண்டை நாடுகள் குருதியும் வழக்கமும் ஒருங்கு பெற்றிருத்தல் இயல்பு. இரண்டும் சேர்ந்திருத்தல் கொண்டு ஒன்று மற்றதற்குக் காரணம் என்றல் பிழை. அம்மரபணுவையே மனச்சோர்வுக்குக் காரணமெனப் பல்லாண்டு கூறிவந்தனர். 2019-இற் பெருந்தொகையினரை வைத்து ஆராய்ந்தபோது, அதுவும் அதுபோற் பேர்பெற்ற பதினேழும் ஏனை மரபணுக்களைவிடச் சிறப்பொன்றும் உடையவாகக் காணப்படவில்லை. கஸ்பி முதலியோர் நியூசிலாந்தில் 2002-இல் வெளியிட்டது சற்று நிதானமானது. குறித்த ஒரு மரபணு வடிவுடைய சிறுவர், இளமையிற் கொடுமைப்படுத்தப்பட்டால் பிறரினும் மிகுதியாகத் தீயொழுக்கம் உறுவர்; கொடுமை இல்லாதவிடத்து வேறுபாடு மிகச் சிறிது என்றனர். பிறப்பு வாயிலைத் திறந்து வைக்கின்றது, நுழைவது சார்பு என்றே அதனை யான் கொள்கின்றேன்.

இவ்வளவு கடுமையாக இதனை எடுத்துப் பேசுதற்குக் காரணம் உண்டு. பிறப்பிலேயே ஒழுக்கம் அமைவது என்னும் எண்ணம் இந்நாட்டிற் சட்டமாகவே நின்றது. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் இயற்றிற்று. தச்சுக்கும் நெசவுக்கும் குலம் இருத்தல் போலக் களவுக்கும் குலம் உண்டு என்பதே அதற்கு அடிப்படை. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. யாதொரு குற்றமும் செய்யாதவன், இன்ன குடியிற் பிறந்தான் என்பதற்காகவே கைரேகை வைத்து, இரவிற் காவல்நிலையத்துக்கு வந்து காட்டவேண்டியவன் ஆனான். மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் அதனை எதிர்த்த மக்கள் சுடப்பட்டு மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது. சிறைக் கையேடுகளில் அதன் நிழல் நீங்காது கிடந்தமை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வெளிப்பட்டது. அக்காலத்தில் மரபணு என்னும் சொல் இல்லை, குருதி என்றனர். சொல் மாறினாற் போதுமோ?

சட்டம் ஒழிந்தும் நாவில் ஒழியவில்லை. யான் வேலை பார்த்த பள்ளியொன்றில் ஆசிரியர் அறைப் பெட்டியில் வைத்திருந்த கட்டணப்பணம் ஒருநாட் காணாமற் போயிற்று. மலையடிவாரத்துக் குடியிருப்பினின்று வந்த இருளர் பிள்ளையொருவன் அன்று அவ்வறையைப் பெருக்கினான். ஆசிரியர் ஒருவர், ‘இரத்தத்தில் வந்தது, எங்கே போகும்’ என்றார். திருநீறு பூசி நாள்தோறும் பதிகம் ஓதும் மற்றோராசிரியர், ‘முன்வினை அப்படி, இப்பிறவி வாய்த்ததும் அதனாலன்றோ’ என்றார். இருவர் கூற்றிலும் கேட்டோர்க்கு வேற்றுமை தோன்றவில்லை. மாலையிற் பணம் கணக்குப் புத்தகத்தின் உறைக்குள்ளே கிடந்தது. அப்பிள்ளை மறுநாள் தொட்டுப் பள்ளிக்கு வரவில்லை. அன்று யானும் அவ்வறையில் இருந்தேன், வாய் திறந்திலேன். இருபத்தைந்து ஆண்டு கழிந்தும் அது முள்ளாகவே இருக்கின்றது.

ஆகவே டாக்டரவர்களைக் குறைகூறும் யாம் நம் வீட்டையும் நோக்கல் வேண்டும். வினைக்கொள்கையைக் குலத்தின்மேற் சுமத்துதல் மரபணுவைக் குலத்தின்மேற் சுமத்துதலோடொத்த பிழை. வினை உயிர்தோறும் வேறு. குலந்தோறும் கட்டி வைத்ததன்று. நுகர்ந்து கழிவது பிராரத்தம். இப்பொழுது செய்து ஈட்டுவது ஆகாமியம். பின்னது கற்றலுக்கும் முயற்சிக்கும் சார்புக்கும் இடங்கொடுப்பது. அஃதில்லையேல் ஆசிரியன் எதற்கு, தீக்கை எதற்கு, சரியை முதலிய நெறி எதற்கு? எட்டாஞ் சூத்திரத்து அரசகுமாரனையும் சிலர் தவறாகக் கொள்கின்றனர். அரசன் குருதி இருந்தமையால் மீண்டான், வேடன் குருதியாயின் மீளான் என்பர். ஐம்புலன்களுக்கு வேடரை உவமையாக்கியது உவமையளவே. மீளுதற்குக் காரணமாகச் சூத்திரம் வைத்தது குருவின் உணர்த்துதலை, குருதியை அன்று. மெய்யாகவே வேடராய்ப் பிறந்தவர் காளத்தியில் என்ன ஆனார் என்பதை நாயன்மார் வரலாற்றிற் காணாதார் யார்?

இக்கருத்துக்களை எம் கூட்டத்தில் ஒருநாட் படித்துக் காட்டினேன். மருத்துவ அன்பர் ஒருபாதி உடன்பட்டார். ஆடி நரம்பணுவின் தொழில் இன்னும் முடிவாகவில்லை, ஆகவே ‘இல்லை’ என்று நீங்களும் விரையலாகாது என்று எச்சரித்தார். ஏற்றுக்கொண்டேன். அப்பொழுது பின்வரிசையிலிருந்த ஓர் அம்மையார், நெடுநாட் கேட்பவர், பேசாதவர், ஒரு வினா எழுப்பினார். ‘பார்ப்பார் செய்ததை நாணன் கண்டான். நாணன் சொன்னதைத் திண்ணனார் கேட்டார். ஆறாம் நாள் திண்ணனார் செய்ததைச் சிவகோசரியார் ஒளிந்திருந்து கண்டார். விதியெல்லாம் முன்பே கற்றிருந்த அவர் அன்றைக்கு என்ன கற்றார் ஐயா?’ என்றார். அன்று கோயிலிற் சாயரட்சை மணி ஒலித்துவிட்டமையின் எழுந்தோம். வரும் திங்கட்கிழமை அவ்விடத்தினின்றே தொடங்குவதாக இருக்கின்றோம்.